முசிறிக்கு வந்த கலங்களின் கழுந்துப் பொருத்து

பாலக்காட்டுக் கணவாயின் வழியே பிழைப்பை நாடி மேற்கே வந்த நமக்கும், கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளியிலும் பீர்மேட்டிலும் குடியமர்ந்த நம்மவர்க்கும், இவ்வழிகள் புதியன அல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காங்கேயம், கொடுமணல் பகுதிகளின் மணிக்கற்கள் கணவாய் கடந்து மேலைக்கரைத் துறைகளை நோக்கிச் சென்றன. கோவைக்கு அருகே வெள்ளலூரில் கிடைத்த ரோம நாணயங்கள் அவ்வணிகத்தின் எச்சமாகும். இன்றைய இடுக்கி மலைகளினின்று இறங்கும் பெரியாறு கடலோடு கூடுமிடத்தருகே முசிறி இருந்தது.

பொன்னோடு வந்து மிளகோடு மீளும் யவனர் கலத்தை அகநானூற்றின் 149ஆம் பாட்டு காட்டுகிறது. பாடியவர் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார். அக்கலத்தை வேலைத்திறத்தால் சிறந்தது என்று அவர் பாராட்டுகிறார். அந்த வேலைத்திறம் யாது?

நம் தச்சர் ஒரு சட்டத்தின் நுனியைச் செதுக்கிக் கழுந்தாக்கி, மற்றொரு சட்டத்தின் துளையில் செலுத்துவர். மத்தியதரைக் கடல் தச்சரின் கழுந்தோ பலகையின் உறுப்பு அன்று. தனியே செய்த சிறு கட்டை. அடுத்தடுத்த இரு பலகைகளின் விளிம்புகளில் எதிரெதிரே துளை பொளிந்து, அக்கட்டையின் பாதியை ஒன்றிலும் பாதியை மற்றொன்றிலும் புகுத்தி, அது நழுவாதவாறு குறுக்கே மரமுளை அடித்தனர். துருக்கிக் கரையோரம் உளுபுருனில் மூழ்கிய, கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த கப்பலிலேயே இம்முறை உண்டு. செங்கடல் துறையான மையோஸ் ஹோர்மோஸில் கிடைத்த பழைய கப்பற்பலகைகளிலும் இத்துளைகள் காணப்பட்டன. முசிறிக்குப் புறப்பட்ட கலங்கள் நின்ற துறைகளுள் அதுவும் ஒன்று.

தனிக் கட்டையாயின் வலிமை குறையாதோ என்று ஐயுறலாம். குறையாது. பலகையின் அகலத்தைச் செதுக்கிக் கழிக்க வேண்டுவதில்லை; பலகை மெல்லிய மரமாயினும் கழுந்தை வல்லிய மரத்தில் செய்யலாம். சைப்ரஸ் கடலில் 1965இல் கண்டறியப்பட்ட கிரேனியாக் கப்பலின் பலகைகள் பைன் மரம். கழுந்துகள் ஓக் மரம். ஏறத்தாழ 14 மீட்டர் நீளமுள்ள அக்கப்பலைப் போலவே கிரேக்க நாட்டில் ஒன்று கட்டி, 1985இல் நீரில் இறக்கி, மறு ஆண்டு சைப்ரஸ் வரை பாய்விரித்துச் சென்றனர்.

பெரிய கலத்தில்தான் இப்பொருத்தின் அருமை விளங்கும். அலை நடுவயிற்றைத் தூக்கும்போது இரு முனைகளும் தாழ்கின்றன; அலை முனைகளைத் தூக்கும்போது நடுப்பகுதி தொய்கிறது. ஒவ்வொரு முறையும் பலகை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கிறது. ஓலைச்சுவடியை வளைத்துப் பாருங்கள்: ஏடுகள் சறுக்கி எளிதில் வளையும். அதே சுவடியில் நெருங்க முளையடித்துவிட்டால் ஒரே கட்டைபோல விறைத்து நிற்கும். கழுந்துகள் ஆற்றிய பணி இதுவே. கழுந்தைத் தடிப்பாக்குவதால் மட்டும் இவ்வலிமை வாராது. துளை அகன்றால் அதன் சுவர் பிளந்துவிடும். அளவான கழுந்துகள் நெருங்கிப் பலவாக நிற்றல் வேண்டும். பிரான்சு நாட்டுக் கரையில் மத்ராக் தெ ஜியான் என்னுமிடத்தில் மூழ்கிய, கி.மு. முதல் நூற்றாண்டுக் கலம் சுமார் 40 மீட்டர் நீளமும் 400 டன் அளவு சரக்கேற்றும் ஆற்றலும் உடையது. அத்துணைப் பெரிய கலத்தின் உடலையும் இக்கையளவுக் கட்டைகளே கூட்டிப் பிடித்தன!

நம் கடற்கரையிலோ பலகைகளைக் கயிற்றால் தைத்தனர். அதனைத் தாழ்வாகக் கருதுதல் பிழை. தைத்த கலம் சற்றே நெகிழ்ந்து கொடுப்பதால் கரையில் மோதும் அலையைத் தாங்கும்; அத்தகைய கலங்கள் பல நூற்றாண்டுகள் அரபிக்கடலைக் கடந்தன.

கழுந்துமுறை அழிந்தது வலிமைக் குறைவினால் அன்று, உழைப்பின் மிகுதியினால். துளை ஒவ்வொன்றையும் உளியால் பொளிந்து எதிர்த்துளைக்கு நேராக்க எத்தனை நாள் ஆகும் என்பதைத் தச்சரே அறிவர். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் யாசி அடாவில் மூழ்கிய கப்பலில் கழுந்துகள் சிறுத்து, இடைவெளி மிகுந்து, முளையும் இன்றி நிற்கின்றன. அதன்பின் உட்சட்டங்களை முதலில் நாட்டி அவற்றின்மேல் பலகை அறையும் வழக்கம் பரவியது. முசிறி இருந்த இடமெனப் பலர் கருதும் பட்டணத்தில், 2007இல் தொடங்கிய அகழாய்வு, சுமார் 6 மீட்டர் நீளமுள்ள அயினி மரத் தோணி ஒன்றை வெளிப்படுத்தியது. அஃது ஒரே மரத்தைக் குடைந்து செய்தது. அதற்குப் பொருத்தே தேவைப்படவில்லை.