பன்னிரு கட்டைகளும் தஞ்சைப் பண்டிதரும்

பியானோ பயில்வோர் நாள்தோறும் செய்யும் பயிற்சி ஒன்றுண்டு. ச, க, ப என்னும் மூன்று சுரங்களை ஒருங்கே அழுத்துவர். மேல்நாட்டார் இதனைக் கார்டு என்பர். நாம் சுரக்கூட்டு எனலாம். பின்னர் அடியிலுள்ள சட்சத்தை மேல் ஸ்தாயிக்கு ஏற்றிக் க, ப, ச என்றும், அடுத்துப் ப, ச, க என்றும் அமைப்பர். சுரங்கள் அவையே, அடியில் நிற்பது மட்டும் மாறுகிறது. ஒரு கட்டையில் கை தேர்ந்ததும், அடுத்த கட்டையைச் சட்சமாகக் கொண்டு மீண்டும் தொடங்குவர். பன்னிரண்டு கட்டைகளுக்கும் 36 நிலைகள். காந்தாரத்தைக் குறைத்த மைனர் வகையையும் சேர்த்தால் 72. வேங்கடமகி 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வகுத்த 72 மேளங்களோடு இதற்கு எண்ணளவில்தான் ஒப்புமை.

ஆனால் இப்பயிற்சிக்கு அடிப்படையான வினா ஒன்றைத் தம் வாழ்நாள் வினாவாகக் கொண்டவர் தஞ்சையில் இருந்தார். அவரே ஆபிரகாம் பண்டிதர். 1859-இல் சாம்பவர் வடகரையில் பிறந்து, தஞ்சையில் சித்த மருத்துவராகப் புகழ் பெற்றவர். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, தம் பொருளைச் செலவிட்டு மாநாடுகள் கூட்டினார். 1916-இல் பரோடா மாநாட்டில் தம் கொள்கையை எடுத்துரைத்தார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார்.

வினா இதுதான். தூய பஞ்சமம் சட்சத்தைப்போல ஒன்றரை மடங்கு அதிர்வுடையது. அப்பஞ்சமத்தையே சட்சமாக்கி அதன் பஞ்சமத்துக்குச் செல்க. இவ்வாறு பன்னிரண்டு முறை சென்றால், ஏழு ஸ்தாயிகளுக்கு அப்பால் புறப்பட்ட சட்சமே வரவேண்டும். வருவதில்லை, அரைச்சுரத்தில் ஏறத்தாழக் கால்பங்கு மிகுந்துவிடுகிறது. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கிய பியானோவில் வட்டம் மூடுகிறது. அதனால்தான் ஒரே சுரக்கூட்டு எல்லாக் கட்டைகளிலும் ஒரே தன்மையாக ஒலிக்கிறது.

குரலிலிருந்து இளிக்குச் செல்லும் சிலப்பதிகார இசைமரபை ஆராய்ந்த பண்டிதர், ஆயப்பாலையில் 12 சம பங்குகளும் வட்டப்பாலையில் 24 சம பங்குகளும் உண்டென முடிவு செய்தார்; சாரங்கதேவரின் 22 சுருதிக் கணக்கை மறுத்தார். கமகமும் தம்புராவின் தூய பஞ்சமமும் சமபங்குக்கு அடங்கா என்பார் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியதும் இவ்வழக்கின் ஒரு கூறே. அத்தடை 1971-இல்தான் தளர்ந்தது.

இனி, மேற்சொன்ன சுரக்கூட்டின் நிலைமாற்றமும் நம் கிரகபேதமும் ஒன்றே என்பாரும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. மோகனத்தின் ரிஷபத்தைச் சட்சமாக்கினால் மத்தியமாவதியும், காந்தாரத்தைச் சட்சமாக்கினால் இந்தோளமும் பிறக்கின்றன. அங்கே சட்சமே இடம் பெயர்கிறது, இராகமே வேறாகிறது. சுரக்கூட்டிலோ எது அடியில் நின்றாலும் சட்சம் சட்சமாகவே இருக்கும். இரண்டையும் குழப்பாமல் ஒருங்கே கற்பிப்பதே மாணவருக்கு நன்மை.

பண்டிதரின் விடையை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் பன்னிரு கட்டைகளிலும் விரலோட்டும் இளைஞர், அவை சமமாக அமைந்தது இயற்கையாலன்று, மனிதர் செய்த உடன்பாட்டால் என்பதை அறிந்து பயில வேண்டும். அப்போதுதான் 1919-இல் மறைந்த அப்பெரியார் நிகழ்த்திய வாதத்தின் பொருள் அவர்தம் செவிக்கே புலப்படும்.