ஒன்பது நொடி நீராவி

சித்த மருத்துவத்தில் நீரடைப்பு, கல்லடைப்பு, சதையடைப்பு என்று மூன்று சொற்கள் அடுத்தடுத்து வரும். மூன்றுமே சிறுநீர் போகாமல் தடைபடுவதைச் சொல்பவை. எனக்கு மூன்றாவது சொல் மேல் ஒரு தனி மரியாதை உண்டு. வெளியிலிருந்து எதுவும் வந்து அடைக்கவில்லை, கல்லும் இல்லை, சொந்தச் சதையே வழியை மறிக்கிறது என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. முன்னிற்குஞ்சுரப்பி என்று கலைச்சொல் அகராதி சொல்வதையும் புராஸ்டேட் என்று ஆஸ்பத்திரியில் சொல்வதையும்விட இது எளிதில் புரிகிறது.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம்போல இருப்பது புராஸ்டேட். வயதாக ஆக இது பெருக்கும், உள்ளே இருக்கும் குழாயை நெருக்கும். இது புற்றுநோய் அல்ல. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இந்தப் பெருக்கத்தின் தடயம் இருக்கும். எண்பதைத் தாண்டினால் பெரும்பாலோரிடமும் இருக்கும். ஆக, இது அபூர்வ நோயே இல்லை. பேச்சில் வருவதுதான் அபூர்வம்.

என் பெரியப்பா சிங்கப்பூரில் டாக்சி ஓட்டுகிறார், வயது 67. சிராங்கூன் சாலையிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுத்த கழிப்பறை எங்கே என்று அவருக்கு மனப்பாடம். தேக்கா சென்டர், முஸ்தஃபா, ஃபேரர் பார்க் ரயில் நிலையம் என்று வரிசையாகச் சொல்வார். வண்டி எடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். டாக்டரைப் பாருங்க பெரியப்பா என்றேன். "வயசானா எல்லாருக்கும் இருக்கறதுதான்டா. இதப் போயி யார்கிட்ட சொல்றது? ஆபரேஷன்னு சொல்லிட்டா, அப்புறம்…" அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அந்த 'அப்புறம்'தான் இந்தக் கட்டுரை. சதையடைப்புக்கான சிகிச்சையின் வரலாற்றைப் படித்தபோது, நோயாளிகள் வாய்விட்டுச் சொல்லாத இந்தப் பயம் கருவிகளின் வடிவத்தையே எப்படித் தீர்மானித்தது, பல காலம் எப்படித் தீர்மானிக்காமல் விட்டது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

குழாய், கத்தி, விரல்

பல நூற்றாண்டுகளுக்கு இதற்கிருந்த ஒரே வழி குழாய். சிறுநீர்ப் பாதை வழியாக ஒரு குழாயைச் செலுத்தி நீரை வடிப்பார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1752-இல் தன் அண்ணனுக்காக, வளைந்து கொடுக்கும் வெள்ளிக் குழாய் ஒன்றை வடிவமைத்துச் செய்வித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வயதான கனவான்கள் கைத்தடிக்குள்ளும் தொப்பிக்குள்ளும் இந்தக் குழாயை ஒளித்து எடுத்துப்போனார்கள். கிருமி பற்றிய அறிவு பரவாத காலம். குழாயோடு வாழத் தொடங்கியவர்களில் பலர் தொற்றில் இறந்தார்கள்.

1890-களில் பிலடெல்பியாவைச் சேர்ந்த வில்லியம் ஒயிட் என்ற அறுவை மருத்துவர் வேறொரு யோசனை சொன்னார்: விரைகளை நீக்கிவிட்டால் புராஸ்டேட் சுருங்கும். உயிரியல் ரீதியாக அது தவறில்லை. சில ஆண்டுகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செய்து பார்த்தார்கள். எத்தனை பேருக்குச் சுரப்பி சுருங்கியது, எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்குகள் வெளியாயின. நோயாளி எதை இழந்தார் என்பது அந்தக் கணக்கின் மையத்தில் இல்லை.

அடுத்த திருப்பம் இந்தியா வழியாக வந்தது. அயர்லாந்துக்காரரான பீட்டர் ஃபிரேயர் 1875-இல் இந்திய மருத்துவச் சேவையில் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் வட இந்தியாவில் பணியாற்றினார். அங்கே சிறுநீர்ப்பைக் கல்லை உள்ளேயே நொறுக்கி எடுப்பதில் பேர்பெற்றார். ராம்பூர் நவாப் அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்ததும் அது அரசோடு தகராறானதும் அப்போது பெரிய பேச்சு. லண்டன் திரும்பியவர் 1900 டிசம்பரில், 69 வயதுக்காரர் ஒருவரின் அடிவயிற்றையும் சிறுநீர்ப்பையையும் திறந்து, பெருத்த சதையை விரலாலேயே நெம்பி முழுதாக எடுத்தார். நுங்கைக் கட்டைவிரலால் தோண்டுவோமே, கிட்டத்தட்ட அப்படி. இதை முதலில் செய்தது தாங்கள்தான் என்று அமெரிக்காவிலிருந்து உரிமைக் குரல்கள் எழுந்தன. ஆனால் 1912-க்குள் ஆயிரம் நோயாளிகளின் கணக்கை வெளியிட்டு முறையை நிலைநிறுத்தியவர் ஃபிரேயர். குழாயோடு சாக இருந்தவர்கள் பிழைத்தார்கள். அந்தக் காலத்தில் அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் முடியாது.

மின்பொறியாளர் வருகிறார்

வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே போய்ச் சதையைச் சீவி எடுக்கும் கருவியை 1926-இல் நியூயார்க்கின் மாக்ஸிமிலியன் ஸ்டெர்ன் அறிமுகப்படுத்தினார். மின்சாரம் பாயும் ஒரு கம்பி வளையம், அவ்வளவுதான். ஆனால் ரத்தம் நிற்கவில்லை. அதைச் சரிசெய்தவர்களில் ஒருவர் தென் கரோலினாவின் தியோடர் டேவிஸ். மருத்துவராவதற்கு முன் மின்பொறியாளராக இருந்தவர். வெட்டுவதற்கு ஒரு மின்னோட்டம், ரத்தக்குழாயைப் பொசுக்கி மூடுவதற்கு இன்னொன்று, இரண்டையும் மாற்ற ஒரு கால்மிதி என்று 1931-இல் அமைத்தார். இதைப் படித்தபோது எங்க ஆளு என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்.

டியூஆர்பி என்று இன்று சொல்லப்படும் அந்த அறுவை இப்போதும் செய்யப்படுகிறது. புதிதாக எது வந்தாலும் அதோடுதான் ஒப்பிடுவார்கள். ஆனால் அதற்கு இரண்டு விலைகள் இருந்தன. முதலாவது சீக்கிரமே கண்டுபிடிக்கப்பட்டது. சீவும்போது இடத்தைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். ஆரம்பத்தில் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தினார்கள். வெட்டுப்பட்ட ரத்தக்குழாய்கள் வழியாக அந்த நீர் உடலுக்குள் போய்ச் சிவப்பணுக்களை உடைத்தது. மினசோட்டாவின் சார்லஸ் கிரீவி 1947-இல் அப்படி நேர்ந்த ஒரு மரணத்தைப் பதிவுசெய்தார். கழுவும் திரவம் மாறியது. உயிர் போனது, பதிவானது, கருவி திருந்தியது.

இரண்டாவது விலைக்கு அப்படி நடக்கவில்லை. டியூஆர்பி சிறுநீர்ப்பையின் கழுத்தை அகலப்படுத்திவிடுவதால், மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ ஆண்களுக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் பின்வாங்கும். ஆண்மை போய்விடுவதில்லை, உயிருக்கு ஆபத்தும் இல்லை. அதனாலேயே பல பத்தாண்டுகள் இது சகித்துக்கொள்ள வேண்டிய ஒன்றாக எண்ணப்பட்டது. அறுபது வயசுக்கு மேல இதெல்லாம் எதுக்கு என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் இருந்திருக்கும், நோயாளிகளும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். பொறியியலில் தேவைப் பட்டியல் என்று ஒன்று எழுதுவோம். பட்டியலில் இல்லாத எதற்காகவும் யாரும் வடிவமைப்பை மாற்ற மாட்டார்கள்.

நன்யாங்கில் ஒரு ரோபோ

இப்போது சிங்கப்பூருக்கு வருகிறேன். 1980-களில் லண்டனின் ஜான் விக்கம் என்ற சிறுநீரியல் அறுவை மருத்துவர், பெரிதாகத் திறந்து செய்யும் அறுவைக்கு எதிராகத் தொடர்ந்து எழுதிவந்தார். குறைந்த ஊடுருவல் அறுவை என்ற பெயரே அவர் பரப்பியதுதான். அவருடைய தூண்டுதலில் இம்பீரியல் கல்லூரியின் பிரையன் டேவிஸ் குழு புரோபாட் என்ற ரோபோவை உருவாக்கியது. 1991 ஏப்ரலில் அது ஒரு மனிதரின் புராஸ்டேட்டைத் தானாகச் சீவியது. ஒரு ரோபோ மனித உடலிலிருந்து திசுவை அகற்றியது அதுவே முதல்முறை என்று சொல்வார்கள்.

அந்தக் குழுவில் இருந்த இங் வான் சிங் பிறகு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். சிங்கப்பூர் பொது மருத்துவமனையின் மருத்துவர்களோடு சேர்ந்து, சிறுநீர்ப் பாதை வழியாகப் போய் லேசரால் சதையை அகற்றும் ரோபோவில் வேலைசெய்தார். 2001-இல் அந்த ஆய்வுகள் கட்டுரைகளாக வந்தன. நான் படித்ததும் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான். ஆனால் படித்த நான்கு வருடங்களில் இந்தக் கதையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்த ரோபோ அன்றாட அறுவை அரங்குக்குள் நுழையவில்லை. அந்த அனுபவம் வேறு வழியில் பயன்பட்டது. புராஸ்டேட்டுக்குள் துல்லியமாக ஊசி செலுத்திச் சோதனைத் திசு எடுக்கும் ரோபோவைப் பயோபாட் என்ற சிங்கப்பூர் நிறுவனம் செய்கிறது.

லண்டனிலும் நன்யாங்கிலும் கேட்கப்பட்ட கேள்வி, இன்னும் துல்லியமாக வெட்டுவது எப்படி என்பது. அது நல்ல கேள்வி. ஆனால் வெட்டாமலே இருக்க முடியாதா என்ற கேள்வியை வேறு சிலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தோசைக்கல்லும் புட்டுக்குழலும்

வெட்டாமல் வெப்பத்தால் திசுவைச் சாகடித்தால், உடலே அதை மெல்லக் கரைத்துக்கொள்ளும். 1996-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இப்படி இரண்டு கருவிகளை அனுமதித்தது. ஒன்று நுண்ணலையால் சூடேற்றுவது, மற்றொன்று ரேடியோ அலை பாயும் ஊசிகளைக் குத்திச் சூடேற்றுவது. இரண்டிலும் ஒரே சிக்கல். தோசைக்கல்லை நினைத்துப் பாருங்கள். கல்லைத் தொடும் பக்கம் முறுகும், மேல் பக்கம் வெந்திருக்காது. வெப்பம் ஒரு புள்ளியிலிருந்து திசுவுக்குள் ஊர்ந்து போக வேண்டும். போகிற வழியில் ரத்த ஓட்டம் வேறு அதைக் குளிர்விக்கும். அதனால் நுண்ணலைச் சிகிச்சை ஒரு மணி நேரம் வரைகூட நீளும். கிட்டத்தில் அதிகமாகவும் தூரத்தில் போதாமலும் வேகும்.

புட்டு அப்படி வேகுவதில்லை. மாவு மணிகளுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியாக நீராவி ஏறி, குளிர்ந்த மணியில் பட்டதும் நீராக மாறி, தன் வெப்பத்தை அங்கேயே கொட்டிவிடும். குழல் முழுதும் ஏறத்தாழ ஒரே பதம். குழலின் சுவர்வரைதான், அதற்கு வெளியே இல்லை.

நீராவி என்றால் சிங்கப்பூர்த் தமிழருக்கு நம் தாத்தாக்களை ஏற்றிவந்த ரஜூலா கப்பல் ஞாபகம் வரலாம். கப்பலை ஓட்டிய அதே ரகசியம்தான் இங்கேயும். 1760-களில் கிளாஸ்கோவில் ஜேம்ஸ் வாட் ஒன்றைக் கவனித்தார்: கொஞ்சம் நீராவியைக் குளிர்ந்த நீரில் செலுத்தினால், அது தன் எடையைப்போல ஆறு மடங்கு நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகிறது. ஏன் என்று குழம்பியவருக்கு ஜோசப் பிளாக் விளக்கினார். அதுதான் நாம் பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம். ஒரு கிராம் கொதிநீர் உடல் வெப்பத்துக்குக் குளிரும்போது சுமார் 63 கலோரி தரும். அதே ஒரு கிராம் நீராவியாக இருந்தால், நீராக மாறுகிற அந்தக் கணத்திலேயே மேலும் 540 கலோரி தரும்.

இதைப் புராஸ்டேட்டுக்குக் கொண்டுவந்தது மினசோட்டாவில் மைக்கேல் ஹோய் தொடங்கிய என்எக்ஸ்தெரா நிறுவனம். கருவியின் பெயர் ரெஸூம். கைப்பிடிக்குள்ளேயே ரேடியோ அலை நீரைச் சூடாக்கி 103 டிகிரி செல்சியஸ் ஆவியாக்குகிறது. சிறுநீர்ப் பாதை வழியாகப் போகும் கருவியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஊசி வெளியே வந்து சதைக்குள் நுழைகிறது. அதிலுள்ள 12 நுண்துளைகள் வழியாக ஒன்பது நொடி ஆவி. செலவாகும் நீர் அரை மில்லிலிட்டர்கூட இல்லை, வெப்பம் சுமார் 208 கலோரி. சாப்பாட்டுப் பொட்டலத்தில் எழுதியிருக்கும் கலோரி இதைப்போல ஆயிரம் மடங்கு என்பதால், ஒரு கடி இட்லியின் கணக்குகூட வராது. செல்களுக்கு இடையில் ஆவி பரவி, சுமார் 70 டிகிரியில் அவற்றைச் சாகடிக்கிறது. பெருத்த பகுதியைச் சுற்றியிருக்கும் நார்த்திசு புட்டுக்குழலின் சுவர்போல ஆவியை உள்ளேயே நிறுத்துகிறது. 1947-இல் உயிரைக் குடித்த அதே சாதாரண நீர்தான் இது, அளவும் வடிவமும் மட்டும் மாறியிருக்கின்றன.

சத்தம் மட்டும் கேட்டவர்கள்

முதல் சோதனைகள் டொமினிக்கன் குடியரசு, செக் குடியரசு, சுவீடன் ஆகிய நாடுகளில் 65 பேரிடம் நடந்தன. புராஸ்டேட்டைச் சுருக்கும் ஃபினாஸ்டரைட் மாத்திரைக்கு வித்திட்ட 1974-ஆம் ஆண்டு ஆய்வும் டொமினிக்கன் கிராமத்து மக்களிடம் நடந்ததுதான். பணக்கார நாடுகளின் முதியவர்களுக்கு நல்லது நடக்க, சிறிய நாடுகளின் மனிதர்கள் இரண்டு முறை முன்னால் நின்றிருக்கிறார்கள்.

பிறகு அமெரிக்காவில் 197 பேரிடம் பெரிய சோதனை. மூன்றில் இரண்டு பங்கினருக்கு உண்மையான ஆவி. மீதிப் பேருக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, சிகிச்சை நடப்பதுபோலச் சத்தம் மட்டும் எழுப்பினார்கள். 35 மதிப்பெண் கொண்ட தொந்தரவு அளவுகோலில், மூன்று மாதத்தில் ஆவி பெற்றவர்களுக்கு 11.2 குறைந்தது. சத்தம் மட்டும் கேட்டவர்களுக்கும் 4.3 குறைந்தது! யாரோ ஒருவர் தன் தொந்தரவைக் காதுகொடுத்துக் கேட்டதே ஒரு பகுதி மருந்தாகியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2015-இல் அனுமதி கிடைத்தது. 2018-இல் பாஸ்டன் சயின்டிஃபிக் 306 மில்லியன் டாலர் முன்பணத்துக்கு நிறுவனத்தை வாங்கியது. ஐந்தாண்டு முடிவில் மறுபடி அறுவை தேவைப்பட்டவர்கள் 4.4 சதவீதம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த அளவுகோல் 1992-இல் வந்த ஏழு கேள்விகள். ஏழும் சிறுநீர் பற்றியவை, பாலுறவு பற்றி ஒன்றுகூட இல்லை. விந்து வெளியேறுவது பற்றிய தனிக் கேள்வித்தாள் 2000-களில்தான் உருவானது. ரெஸூம் சோதனையில் அதையும் சேர்த்து அளந்தார்கள். விந்து வெளிவராமல் போனவர்கள் மூன்று சதவீத அளவில் இருந்தார்கள். பல பத்தாண்டுகளாக வெளியே நின்ற ஒன்று, கடைசியில் தேவைப் பட்டியலுக்குள் வந்து சேர்ந்தது.

நீராவி எல்லாருக்கும் பொருந்தாது. சுரப்பி மிகப் பெரிதானால் வேறு வழி பார்க்க வேண்டும். பலன் உடனே தெரியாது, வாரக்கணக்கில் மெல்ல வரும். முதல் சில நாள் குழாய் போட்டிருக்க வேண்டும், எரிச்சல் இருக்கும். டியூஆர்பி அளவுக்கு நீண்டகால அனுபவம் இதற்கு இன்னும் இல்லை. மாத்திரையிலேயே சமாளிப்பவர்களும் நிறைய. சிங்கப்பூரிலும் இந்த ஆவிச் சிகிச்சை இன்று செய்யப்படுகிறது. இந்தத் தேர்வுகளைப் பற்றிப் பேசத் தொடங்கத்தான் ஆள் வேண்டும்.

2015 பிப்ரவரியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்குக்குப் புராஸ்டேட் புற்றுநோய் அறுவை நடக்கும் என்று பிரதமர் அலுவலகமே அறிவித்தது. 2024 ஜனவரியில் பிரிட்டன் மன்னர் சார்லஸ் தனக்குப் புராஸ்டேட் பெருத்திருப்பதை வெளியே சொன்னார். பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையின் தளத்தில் அந்த நோய் பற்றிய பக்கத்தைப் பார்த்தவர்கள் ஒரே நாளில் பத்து மடங்குக்கு மேல் கூடினார்கள். அத்தனை பேருக்கும் அதுவரை தொந்தரவு இல்லாமலா இருந்திருக்கும்?

பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் அந்த ஏழு கேள்விகளைக் கேட்பார். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க என்பது அதில் ஒன்று. எட்டாவதாக, அவர் கேட்காத ஒன்றை நோயாளிதான் கேட்க வேண்டியிருக்கும். உடன் போகிற மகனோ பேரனோ அந்த நேரத்தில் ஐந்து நிமிடம் வெளியே போய் உட்கார்ந்திருந்தால், அவருக்குக் கேட்பது கொஞ்சம் சுலபமாகலாம்.