ஒரு பக்கம், பதினோரு சர்வர்

போன ஞாயிறு திருநகர்ல சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். "டேய், என் பழைய பக்கத்தை எடுத்துக் குடுடா"ன்னார். 2005-ல கீழக்குயில்குடி, சமணர் மலைன்னு சுத்திட்டு வந்து எழுதியிருக்கார். திறந்தா எழுத்து அப்படியே இருக்கு. ஏழு படமும் காணோம், பின்னூட்டங்களும் காணோம். பின்னூட்டம் போட்டவர்ல ஒரு நண்பர் இப்ப உயிரோட இல்லை. சித்தப்பா தேடினது அவர் எழுதின நாலு வரியைத்தான்.

"பக்கம் இருக்கு, அது மட்டும் எங்கடா போச்சு?"

எஃப்12 அமுக்கிக் காட்டினேன். மேலே முகவரி ஒண்ணு; கீழே உலாவி போய்த் தட்டின சர்வர் பதினொண்ணு. கல்யாணப் பத்திரிகையில ஒரு வீட்டுப் பேருதான் இருக்கும். ஆனா பூ மாட்டுத்தாவணி, வெற்றிலை சோழவந்தான், பாத்திரம் வாடகைக்கு. அதே கதைதான் சித்தப்பான்னேன்.

இந்தப் பழக்கம் 1993-லயே ஆரம்பிச்சது. மார்க் ஆண்ட்ரீசன் பக்கத்துக்குள்ள படம் காட்ட ஒரு டேக் முன்மொழிஞ்சப்ப, படம் அதே சர்வரில்தான் இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் வைக்கலை. முகவரி குடுத்தா போதும், உலாவி போய் எடுத்து வந்துடும். 1995-ல ஜாவாஸ்கிரிப்ட் வந்தது. கொஞ்ச நாள்ல அதையும் வெளி சர்வரில் இருந்து இழுக்கலாம்னு ஆச்சு. படம் சும்மா பார்க்கத்தான். ஸ்கிரிப்ட் அப்படியில்லை, பக்கத்துக்குள்ள புகுந்து வாசிக்கும், மாத்தி எழுதும்.

நம்ம ஆட்கள் இதுல இறங்கினதுக்கு வேற காரணமும் இருந்தது. விண்டோஸ் 98-ல தமிழ் எழுத்துரு கிடையாது. நெட் சென்டர்ல போய் எழுத்துரு நிறுவுறேன்னா கடைக்காரர் விடுவாரா? அதனால பக்கத்தோடவே எழுத்துருவை அனுப்புற 'டைனமிக் ஃபான்ட்' முறை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதைப் புரிஞ்சுக்கும் (நெருப்புநரிக்கு அந்தக் கோப்பு ஆகாது :-)). அதிராம்பட்டினத்து உமர்தம்பி 'தேனீ' யூனிகோட் எழுத்துருவை இலவசமாத் தந்தார். வார்ப்புருவில் ரெண்டு வரி ஒட்டினா போதும், எழுத்து எங்கிருந்தோ வந்து நிற்கும். வாசகர் எதையும் நிறுவ வேண்டாம். அவர் 2006-ல மறைந்தார். அந்த ரெண்டு வரி இல்லாம எத்தனை பேர் வெறும் கட்டம் கட்டமாப் பார்த்துட்டுப் போயிருப்பாங்கன்னு யோசிச்சா, இரவல் வாங்கினதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை.

ஆனா பழக்கம் நிக்கலை. பின்னூட்டப் பெட்டி, வருகை எண்ணி, கடிகாரம், 2004-ல தமிழ்மணம் வந்த பிறகு அதோட பட்டைன்னு ஒவ்வொண்ணும் ஒரு வெளியூர் சர்வர். அப்பல்லாம் ஸ்கிரிப்ட் வந்து சேரும் வரை உலாவி மேற்கொண்டு நகராது. ஒரு சர்வர் தூங்கினா பக்கமே வெள்ளையா நிக்கும்.

இன்னிக்கும் இதேதான், அளவுதான் பெரிசு. 2022 ஜனவரியில் ம்யூனிக் நீதிமன்றம், கூகுள் எழுத்துருவை அவங்க சர்வரில் இருந்தே இழுத்த ஒரு தளத்துக்கு எதிரா 100 யூரோ இழப்பீடு தரச் சொன்னது. எழுத்துரு கேட்கும்போதே வாசகரோட ஐபி முகவரி அங்கே போயிடுதே! 2024-ல பாலிஃபில் ஐஓ கதை இன்னும் மோசம். பல வருஷமா நம்பி ஒட்டின ஸ்கிரிப்ட். டொமைன் கைமாறின சில மாசத்துல அதே முகவரியில் இருந்து தீங்கான நிரல் வர ஆரம்பிச்சது. ஒட்டியிருந்த தளங்கள் ஒரு லட்சத்துக்கு மேல. அந்தத் தளக்காரங்க தங்கள் பக்கத்துல ஒரு எழுத்தைக்கூட மாத்தலை.

சித்தப்பா படங்களை வச்சிருந்த இலவச சர்வர் எப்பவோ மூடிட்டாங்க. இணைய ஆவணக் காப்பகத்துல தேடினதுல ரெண்டு படம் கிடைச்சது, பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தேன். பின்னூட்டம் கிடைக்கலை. காப்பகம் பக்கத்தைப் பிடிச்சு வச்சிருக்கு, பின்னூட்டம் வர வேண்டிய இடத்துல ஸ்கிரிப்ட் வரி மட்டும் நிக்குது. பின்னூட்டப் பெட்டி தனி ஜன்னலில் திறக்கிற முகவரி ஒண்ணு அந்த வரிக்குப் பக்கத்துல இருந்தது. அதையும் ஒரு தடவை போட்டுப் பார்க்கணும்.