செஸ்ட்நட் லாட்ஜில் ஏழு மாதங்கள்: கற்றவர்கள் மீண்டும் கற்பது பற்றி

1964இல் ஹன்னா கிரீன் என்ற புனைபெயரில் அமெரிக்காவில் ஒரு நாவல் வெளிவந்தது. அதன் தலைப்பைத் தமிழில் சொல்வதானால், 'உனக்கு நான் ரோஜாத் தோட்டம் எதையும் வாக்களிக்கவில்லையே' என்று சொல்லலாம். டெபோரா என்ற பதினாறு வயதுப் பெண், தானே படைத்துக்கொண்ட ஓர் உலகத்துக்குள் ஒளிந்துகொள்கிறாள். டாக்டர் ஃப்ரீட் என்ற மருத்துவர் அவளுடன் பேசிப் பேசியே, அவசரமின்றி, அவளை நம்முடைய உலகத்துக்கு அழைத்துவருகிறார். எழுதியவர் ஜோன் கிரீன்பெர்க். டெபோராவின் கதை பெருமளவுக்கு அவருடைய கதைதான். டாக்டர் ஃப்ரீடுக்கு மூலமானவர் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன். நடந்த இடம், வாஷிங்டன் நகரத்துக்கு அருகில் மேரிலாந்து மாநிலத்தின் ராக்வில் ஊரிலிருந்த செஸ்ட்நட் லாட்ஜ் என்னும் தனியார் மனநல மருத்துவமனை.

நாவலைப் படித்தவர்கள் மனத்தில் அந்த மருத்துவமனை ஏறக்குறைய ஒரு புண்ணியத்தலம்போல நின்றுவிடுகிறது. நமக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நாவல் வெளிவந்து 15 ஆண்டுகளுக்குப் பிறகு அதே இடத்தில் வேறொரு மனிதருக்கு நேர்ந்த கதையையும் அறிந்தபிறகு, அந்த முதல் கதையை முன்புபோல் வாசிக்க இயலவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பட்டம் பெற்று, அனுபவம் பெற்று, பிறருக்குக் கற்பிக்கும் நிலையை அடைந்துவிட்ட ஒரு மருத்துவர் மீண்டும் மாணவராவது எத்தனை கடினம் என்பது விளங்குகிறது.

முதலில் லாட்ஜுக்கு நியாயம் செய்துவிடுவோம். பழைய ஓட்டல் கட்டடம் ஒன்றில் 1910இல் எர்னஸ்ட் புல்லார்ட் தொடங்கிய மருத்துவமனை அது. 1930களில் அவருடைய மகன் டெக்ஸ்டர் புல்லார்ட் அதை உளப்பகுப்பாய்வின் வழிக்குத் திருப்பினார். ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஃப்ரோம்-ரைக்மன் 1935இல் அங்கு வந்து சேர்ந்தார். 1957இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். அந்தக் காலத்துப் பெரும் மனநோய் விடுதிகளில் நோயாளிகள் ஆயிரக்கணக்கில் அடைக்கப்பட்டிருந்தார்கள். இன்சுலின் கொடுத்து ஆழ்மயக்கத்தில் தள்ளுவதும், மூளையின் முன்பகுதி நரம்பிழைகளை வெட்டுவதும் முன்னேறிய சிகிச்சைகளாகக் கருதப்பட்டன. மூளையை வெட்டும் முறைக்காக 1949இல் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸுக்கு நோபல் பரிசே அளிக்கப்பட்டது. அப்படிப்பட்ட காலத்தில், மனச்சிதைவு கொண்டவரின் சொல்லுக்கும் பொருளுண்டு, அருகில் அமர்ந்து கேட்டால் அது விளங்கும் என்று ஒரு மருத்துவமனை நம்பியது சிறிய காரியமன்று. லாட்ஜின் கொள்கை கருணையில் பிறந்தது. பிற்காலத்தில் அதைக் கைவிடுவது கடினமாயிருந்ததற்கும் இந்தப் பிறப்பு ஒரு காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இதற்கிடையே வெளியுலகம் மாறத் தொடங்கியிருந்தது. 1952இல் பாரிஸில் ஜான் டிலே, பியேர் டெனிக்கர் என்ற இருவர் குளோர்புரோமசீன் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்து அதன் விளைவைப் பதிவுசெய்தார்கள். 1954இல் அது அமெரிக்காவுக்கு வந்தது. 1957இல் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன், இமிப்ரமின் மருந்து கடும் மனச்சோர்வைத் தணிப்பதை வெளியிட்டார். அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் 1955இல் சுமார் 5,59,000 பேர் இருந்தனர். 1975இல் அந்த எண்ணிக்கை சுமார் 1,93,000 ஆகக் குறைந்தது. மருந்து மட்டுமே இதற்குக் காரணமன்று. அரசின் கொள்கையும் செலவுக் கணக்கும் சேர்ந்தே இதைச் செய்தன. எனினும் 1970களின் இறுதியில் கடும் மனச்சோர்வுக்கு மருந்து பயன்படும் என்பது எந்த மருத்துவ நூலகத்திலும் கிடைக்கக்கூடிய செய்தியாகிவிட்டது.

1979 ஜனவரியில் ராஃபேல் ஓஷெராஃப் லாட்ஜில் சேர்ந்தார். வர்ஜீனியாவைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர், நாற்பதைக் கடந்தவர், தொழிலில் வெற்றி கண்டவர். மனச்சோர்வு அவரை வீழ்த்தியிருந்தது. வெளிநோயாளியாக இருந்தபோது மனச்சோர்வுக்கான மருந்தை அவர் எடுத்துக்கொண்டதுண்டு. ஓரளவு தேறியும், சொன்ன அளவில் அதைத் தொடரவில்லை. லாட்ஜ் மருத்துவர்கள் அவருக்கு மனச்சோர்வு இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அடியில் ஆளுமைக் கோளாறு ஒன்று இருப்பதாகவும், அதை உரையாடல் சிகிச்சையால்தான் சரிசெய்ய முடியும் என்றும் கருதினார்கள். மருந்து கொடுக்கவில்லை.

அவர் உறக்கமின்றி, அமைதியின்றி, கூடத்தில் இங்குமங்கும் நடந்துகொண்டேயிருந்தார். நடந்து நடந்து பாதங்கள் வீங்கிக் கொப்பளித்தன. உடல் எடையில் ஏறக்குறைய 18 கிலோ குறைந்தது. குடும்பத்தார் கவலையுற்று முறையிட்டபோது மருத்துவர்கள் கூடி அவருடைய நிலையை விவாதித்தார்கள். சிகிச்சையில் பெரிய மாற்றம் தேவையில்லை என்பதே அவர்கள் எடுத்த முடிவு. ஏழு மாதங்களுக்குப் பிறகு அவருடைய தாயார் அவரை கனெக்டிகட்டில் உள்ள சில்வர் ஹில் மருத்துவமனைக்கு மாற்ற ஏற்பாடு செய்தார். அங்கே மருந்து தொடங்கப்பட்டது. மூன்று வாரங்களில் மாற்றம் தெரிந்தது. மூன்று மாதங்களுக்குள் வீடு திரும்பினார். ஆனால் அதற்குள் அவருடைய தொழில் கைவிட்டுப் போயிருந்தது. இரு பிள்ளைகளை வளர்க்கும் உரிமையும் போயிருந்தது.

1982இல் அவர் லாட்ஜின்மீது வழக்குத் தொடுத்தார். 1984இல் நடுவர் குழு அவருக்கு 2,50,000 டாலர் இழப்பீடு வழங்கத் தீர்மானித்தது. இரு தரப்பும் அதை ஏற்காமல் மேல்முறையீடு செய்து, 1987இல் நீதிமன்ற விசாரணைக்கு முன்பே சமரசமாக முடித்துக்கொண்டார்கள். ஆகவே நீதிமன்றத் தீர்ப்பு என்று ஒன்று இல்லை. தீர்ப்பில்லாத இந்த வழக்கே அமெரிக்க மனநல மருத்துவத்தில் அதிகம் பேசப்பட்ட வழக்குகளுள் ஒன்றாயிற்று. 1990இல் ஜெரால்டு கிளெர்மன், பயன் நிறுவப்பட்ட சிகிச்சையைப் பெறுவது நோயாளியின் உரிமை என்று வாதிட்டு இதைப் பற்றி எழுதினார். ஹார்வர்டைச் சேர்ந்த ஆலன் ஸ்டோன் அவருக்கு மறுப்பு எழுதினார். எது அறிவியல் என்பதை நீதிமன்றத்தின் துணைகொண்டு நிலைநாட்டத் தொடங்கினால், ஒரு காலத்தின் கருத்து சட்டமாகி உறைந்துவிடும் என்பது அவருடைய அச்சம். இருவர் வாதத்திலும் உண்மை உண்டு.

நம்மை உறுத்துவது வேறொரு கேள்வி. லாட்ஜின் மருத்துவர்கள் அறியாதவர்களா? இல்லை. அவர்கள் நிறையப் படித்தவர்கள். தங்கள் மனத்தையே பல ஆண்டுகள் பகுப்பாய்வுக்கு உட்படுத்தியவர்கள். மூத்தோரின் மேற்பார்வையில் பயின்றவர்கள். கருத்தரங்குகளும் நோயாளர் பற்றிய கூட்டு விவாதங்களும் அங்கே அன்றாட வழக்கம். தொடர் கல்வி என்பது இடைவிடாது படிப்பது மட்டுமே என்றால் லாட்ஜைவிடச் சிறந்த பள்ளி இருந்திருக்க முடியாது. ஆயினும் அவர்கள் கற்றதெல்லாம் ஏற்கெனவே நம்பியதை ஆழப்படுத்தவே பயன்பட்டது. உளப்பகுப்பாய்வு மரபில் நோயாளி மோசமடைவதையும் சிகிச்சையின் ஒரு கட்டமாக விளக்க இடமிருந்தது. தேறினாலும் கொள்கைக்குச் சான்று, தேறாவிட்டாலும் கொள்கைக்குச் சான்று என்றாகிவிட்டால், நோயாளியிடமிருந்து மருத்துவர் கற்றுக்கொள்ள என்ன மிஞ்சும்? மனச்சோர்வின் கடுமையை எண்ணால் குறிக்க உதவும் அளவுகோலை மாக்ஸ் ஹாமில்டன் 1960லேயே வெளியிட்டிருந்தார். கருவி இருந்தது. தம் சிகிச்சையை அதைக்கொண்டு சோதிக்க வேண்டும் என்ற ஐயம் எழவில்லை.

இதன் விலையை நோயாளிகள் மட்டும் கொடுக்கவில்லை. நாம் மேலே போற்றிய ஃப்ரோம்-ரைக்மனே 1948இல், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற பொருள்தரும் சொல்லொன்றை எழுத்தில் கொண்டுவந்தார். பிள்ளையின் நோய்க்குத் தன் வளர்ப்பே காரணம் என்ற பழியைச் சுமந்துகொண்டு எத்தனையோ தாய்மார்கள் மருத்துவர்முன் தலைகுனிந்து நின்றார்கள். அந்தக் கருத்தை ஆய்வுகள் பின்னர் ஆதரிக்கவில்லை. ஆயினும் பயிற்சி பெற்று வெளியேறிய மருத்துவர்களின் பேச்சில் அது பல ஆண்டுகள் உயிரோடிருந்தது. கருணை மிக்க ஒருவரிடமிருந்துதான் இந்தச் சொல் வந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

லாட்ஜிலிருந்தே ஒரு மாற்றுக் குரலும் எழுந்தது. அங்கே பணியாற்றிய தாமஸ் மக்ளாஷன், 1950க்கும் 1975க்கும் இடையே அங்கிருந்து வெளியேறிய நோயாளிகளைத் தேடிப் புறப்பட்டார். 446 பேரைப் பற்றிய விவரங்களைத் திரட்டினார். அவர்கள் சிகிச்சை பெற்றுச் சராசரியாக 15 ஆண்டுகள் கடந்திருந்தன. 1984இல் முடிவுகள் வெளியாயின. மனச்சிதைவு கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் தட்டுத்தடுமாறியோ அதைவிட மோசமான நிலையிலோ வாழ்ந்துகொண்டிருந்தார்கள். டெபோராவின் மீட்சி உண்மை. ஆனால் அது பொதுவிதியாக இருக்கவில்லை. தன்னை வளர்த்த நிறுவனத்தின் கணக்கைத் தானே எழுதிப் பார்த்து, வந்த விடையை மறைக்காமல் வெளியிட்ட மக்ளாஷனின் செயலை, இந்த வரலாற்றில் கற்றல் என்ற சொல்லுக்கு மிகவும் பொருந்தும் செயலாக நாம் கருதுகிறோம்.

மருத்துவர்கள் தொடர்ந்து படித்தாக வேண்டும் என்பதைச் சட்டமாக்கும் முயற்சியும் அதே காலத்தில்தான் நடந்தது. மருத்துவ உரிமத்தைப் புதுப்பிக்கத் தொடர் கல்வி கட்டாயம் என்று 1971இல் நியூ மெக்சிகோ மாநிலம் விதித்தது. அமெரிக்காவில் அதுவே முதல் மாநிலம். பிற மாநிலங்கள் பலவும் பின்பற்றின. வாழ்நாள் முழுதும் செல்லும் என்றிருந்த மனநல மருத்துவ நிபுணர் சான்று, 1994 அக்டோபர் முதல் பெறுவோருக்குப் பத்தாண்டுகளுக்கே செல்லும் என்றாயிற்று. ஆனால் இருக்கையில் அமர்ந்த மணிக்கணக்கு அறிவாகிவிடுமா? 1999இல் டேவ் டேவிஸும் அவருடைய குழுவினரும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உரை கேட்பது மட்டும் மருத்துவரின் நடைமுறையை மாற்றுவதாகத் தெரியவில்லை. விவாதமும் பயிற்சியும் கலந்த அமர்வுகள் மாற்றக்கூடும் என்று தெரிந்தது. இதை லண்டனில் மைக்கேல் பாலின்ட் 1950களிலேயே செய்துகாட்டியிருந்தார். பொதுமருத்துவர்கள் சிலரைத் தொடர்ந்து கூட்டி, தங்களைக் குழப்பும் நோயாளியைப் பற்றி ஒவ்வொருவரையும் பேசவைத்தார். 'எனக்குப் புரியவில்லை' என்று சக மருத்துவர்முன் ஒருவர் ஒப்புக்கொள்வதற்கு அங்கே இடமிருந்தது. பாலின்ட் ஓர் உளப்பகுப்பாய்வாளர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த மரபைப் பிடிவாதம் என்ற ஒற்றைச் சொல்லால் தள்ளிவிட முடியாது.

மருந்தின் பக்கம் போனவர்களுக்கும் அவர்களுக்கேயான வைதீகம் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் தொடர் மருத்துவக் கல்விக்கான செலவில் பெரும்பங்கை மருந்து நிறுவனங்களே ஏற்கும் நிலை உருவாயிற்று. 2007இல் செனட்டின் நிதிக்குழு அதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. தன் ஆண்டு மாநாட்டில் மருந்து நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்தும் கருத்தரங்குகளையும் அளிக்கும் விருந்துகளையும் படிப்படியாக நிறுத்தப்போவதாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2009இல் அறிவித்தது. இதனிடையே, 2006இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்றில், முதலில் கொடுத்த மனச்சோர்வு மருந்தால் முழுமையாகத் தேறியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே என்று தெரிந்தது. மருந்தே போதும் என்று நம்பியவர்களும் திரும்பப் பாடம் படிக்க வேண்டியதாயிற்று.

ஓஷெராஃப் 2012இல் இறந்தார். 2022இல் வெளிவந்த ரேச்சல் அவிவின் நூல் அவருடைய பிற்கால வாழ்க்கையைச் சொல்கிறது. மருந்தால் மீண்ட வெற்றிச் சின்னமாகப் பாடநூல்கள் காட்டிய அந்த மனிதர், உண்மையில் நிம்மதி காணவில்லை. இழந்ததை நினைத்து நினைத்து, தன் கதையைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். முழு மனநிறைவு தரும் முடிவாக அது அமையவில்லை. ஒரு தரப்பு அவரைத் தோற்ற கொள்கையின் சாட்சியாகவும் மறுதரப்பு வழக்குத் தொடுத்த நோயாளியாகவும் பார்த்தது. அவர் எழுதிய பக்கங்களைப் பொறுமையாகப் படித்தவர்கள் சிலரே.

செஸ்ட்நட் லாட்ஜ் 2001இல் மூடப்பட்டது. பழைய முதன்மைக் கட்டடம் 2009இல் தீக்கிரையாயிற்று. கிரீன்பெர்க்கின் நாவல் இன்றும் வாசிக்கப்படுகிறது. அதைப் புதிதாக எடுத்துப் படிக்கும் நண்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. டாக்டர் ஃப்ரீடை நேசியுங்கள், அவர் நேசத்துக்கு உரியவர்தாம். அந்தக் கட்டடத்தின் கூடத்தில் பாதம் கொப்பளிக்க நடந்துகொண்டிருந்த மனிதரையும் கூடவே நினைத்துக்கொள்ளுங்கள்.