போர்ட்டேஜ்–மெயின் சந்திப்பும் வினிபெக் நகர மையமும்: 1905–2025

கனடாவின் மனிடோபா மாகாணத் தலைநகரான வினிபெக்கில் ஜனவரியின் சராசரி வெப்பநிலை சுமார் மைனஸ் 16 பாகை செல்சியஸ். நகர மையம் களையிழந்தது ஏன் என்று கேட்டால் பலரும் முதலில் குளிரைத்தான் கைகாட்டுவார்கள். ஆனால் 1905இல் போர்ட்டேஜ் அவென்யூவில் ஈட்டன்ஸ் பேரங்காடி திறக்கப்பட்டபோதும், 1926இல் அதே தெருவில் ஹட்சன் பே நிறுவனத்தின் அங்காடி எழுந்தபோதும் இதே குளிர்தான். டிராமில் வந்து இறங்கிய கூட்டம் பனியை மிதித்தபடியே கடைகடையாக ஏறி இறங்கியது. ஆகவே சரிவின் வேரைப் பருவநிலையில் தேடுவதைவிட, பருவநிலையின் பெயரைச் சொல்லி எடுத்த முடிவுகளில் தேடுவதே தகும்.

டிராம்கள் 1955இல் நின்றன. 1959இல் மேற்கே போலோ பார்க் வணிக வளாகம் தாராளமான வாகன நிறுத்துமிடத்தோடு வந்தது. வடஅமெரிக்க நகரங்கள் பலவற்றுக்கும் பொதுவான கதை இது. குளிர் இல்லாத ஊர்களிலும் இதேதான் நடந்தது.

வினிபெக்கின் தனிக்கதை 1976இல் தொடங்குகிறது. போர்ட்டேஜ் அவென்யூவும் மெயின் தெருவும் சந்திக்கும் இடம் நாட்டிலேயே காற்று மிகுந்த முனை என்று பெயர் வாங்கியது. அங்கே கோபுரம் கட்ட முன்வந்த நிறுவனத்தோடு மாநகராட்சி 40 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்படி 1979இல் தரைக்கடியில் நடைகூடம் திறக்கப்பட்டது. மேலே கான்கிரீட் தடுப்புகள் எழுந்தன. நடந்து கடப்பதற்குத் தடை வந்தது. குளிரிலிருந்து காப்பு என்பது சொன்ன காரணம். நிலத்தடிக் கடைகளுக்கு ஆள் சேர்ப்பதும் கார்களுக்குத் தங்குதடையின்றி வழிவிடுவதும் கூடவே கிடைத்த ஆதாயங்கள். கோடையில் வெயில் காயும் நாளிலும் எதிர்ப்புறம் போகப் படியிறங்கித்தான் ஆகவேண்டும் என்ற ஏற்பாட்டைக் குளிரைக் காட்டி நியாயப்படுத்த முடியாது.

அடுத்து நாடு, மாகாணம், மாநகரம் என மூன்று நிலை அரசுகளும் கைகோத்தன. 1981இல் நகர மையத்துக்கான கூட்டுத் திட்டம். 1987இல் போர்ட்டேஜ் பிளேஸ் வணிக வளாகம். ஈட்டன்ஸ், ஹட்சன் பே அங்காடிகளோடு அதை இணைக்கத் தெருவுக்கு மேலே மூடிய பாலங்கள். வளாகம் வந்து பன்னிரண்டே ஆண்டில், 1999இல், ஈட்டன்ஸ் மூடப்பட்டது. அக்கட்டடம் இருந்த இடத்தில் 2004இல் விளையாட்டரங்கம் வந்தது. ஹட்சன் பே 2020இல் கதவடைத்தது. மூடிய பாலங்களுக்கு உள்ளே நடப்பவர் தெருவோரக் கடையின் கண்ணாடிக்கு முன்னால் நிற்பதில்லை; ஆள் குறைந்த தெரு அச்சம் தருகிறது; அச்சம் மேலும் பலரை உள்ளே தள்ளுகிறது.

சந்திப்பைத் திறக்கலாமா என்று 2018இல் வாக்காளர்களைக் கேட்டபோது 65 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். ஆனாலும் பிறகு அது திறந்தது; வென்றது வாதமன்று, செலவுக் கணக்கு. நடைகூடத்துக்கு மேலுள்ள நீர்க்கசிவுத் தடுப்பைப் புதுப்பிக்க 7 கோடியே 30 லட்சம் டாலர் ஆகும் என்றதும், 2024இல் மாநகராட்சி மன்றம் மனம் மாறிச் சந்திப்பைத் திறக்க முடிவெடுத்தது. 2025 ஜூன் 27 அன்று மக்கள் மீண்டும் அங்கே சாலையை நடந்து கடந்தனர்.

இதே ஊரில், ஆறுகள் கூடும் ஃபோர்க்ஸ் பகுதியில், உறைந்த ஆற்றின்மேல் சறுக்கிச் செல்ல நடுக்குளிரில் கூட்டம் சேர்கிறது. வழிநெடுகக் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த ஒதுங்கு குடில்கள் உண்டு. குளிரை மறைக்காமல் அதற்குள்ளேயே இடம் அமைத்ததன் பலன் இது.

நகர மையத்துக்கான முந்தைய திட்டங்கள் வந்துபோவோரையே நம்பின, வீடுகள் துணைச்சேர்க்கைதான். 2022இல் ஹட்சன் பே கட்டடம் தெற்கு மனிடோபா முதற்குடித் தலைவர்களின் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. அதில் சுமார் 300 வீடுகள் அமைப்பது அப்போது அவர்கள் அறிவித்த திட்டம். போர்ட்டேஜ் பிளேஸ், மருத்துவ மையமும் குடியிருப்பும் கொண்ட வளாகமாக மாறவிருக்கிறது.