அலவாங்கு

பெயர்ச்சொல். நிலம் கிண்டவும் கல் புரட்டவும் உதவும் கனத்த இரும்புக் கோல். தமிழ்நாட்டில் கடப்பாரை.

‘அலவங்கா’ என்ற போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு இது. 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர் 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள். கதிரை, சப்பாத்து, அலுமாரி ஆகியவற்றோடு இதுவும் தங்கிவிட்டது. சிங்களத்தில் ‘அலவங்குவ’.

மூலமொழியில் அதன் பொருள் நெம்புகோல். நம் பேச்சில் முதலில் நினைவுக்கு வருவது குழி தோண்டுவதுதான். ஆனால் பூவரசங்குளம் போன்ற வன்னிக் கிராமங்களில் முள்ளுக்கம்பி வேலி அடைக்கும்போது பழைய பொருள் உயிர்க்கிறது. கட்டைக்குக் குழி எடுத்த அதே அலவாங்கில் கம்பியைச் சுற்றி, மூலைக்கட்டையில் முட்டுக்கொடுத்து நெம்பினால் தொய்வு போய்விடும். 4 அடிக் கோலில் கம்பியின் பக்கம் 4 அங்குலமும் கையின் பக்கம் 44 அங்குலமும் இருந்தால், உராய்வு நீங்கலாக, இழுவை 11 மடங்கு.

கையை விட்டால் கம்பி தளரும் என்பதே குறை. அதனால் ஒருவர் நெம்பிப் பிடிக்க, மற்றவர் ஆணி அறைவார். கடையில் விற்கும் கம்பி இறுக்கியில் பற்சக்கரமும், அது பின்னே சுழலாமல் தடுக்கும் நாக்கும் உண்டு. ஒருவரே வேலையை முடிக்கலாம். அதைத் திருகும் கைப்பிடியும் ஒரு நெம்புகோலே.

வழக்கு: “தம்பி, அலவாங்கை விட்டிடாத, ஆணி அடிக்கும் மட்டும் பிடி.”