கணவர் கையெழுத்து தேவையில்லை



1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டப்படி, தாயின் உயிரைக் காக்க அன்றிக் கருவைக் கலைப்பது குற்றமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கே சிறை. வசதியுள்ளவர்கள் தெரிந்த டாக்டரிடம் போனார்கள். நம் புதுக்கோட்டைக் கிராமத்து ஏழைக்கு எருக்கங்குச்சிதான். எத்தனையோ உயிர்கள் போயின.

1964இல் அமைந்த சாந்திலால் ஷா குழு சட்டத்தைத் தளர்த்தப் பரிந்துரைத்தது. 1971இல் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

மாநிலக் காப்பீட்டுத் திட்டம் 2009இல்தான் வந்தது. ஆனால் அரசு மருத்துவமனையில் இதற்குக் காப்பீட்டு அட்டையே வேண்டாம். சட்டத்துக்கு உட்பட்ட கருக்கலைப்பு அங்கே இலவசம். பதினெட்டு வயது நிறைந்தவளுக்கு அவள் சம்மதமே போதும். யாராவது கணவர் கையெழுத்தைக் கேட்டால், சட்டத்தில் அது இல்லை என்று சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.